கதவோரத்து வெள்ளை உருவம்

பேய் உண்டா என்று கேட்டால், இல்லை என்போம். ஐம்பது ஆண்டுகளாக அதையே சொல்லி வருகிறோம். சந்தியில் நின்று சொன்னோம். சாவடியில் அமர்ந்து சொன்னோம். மேடை கிடைத்தபோது மேடையேறிச் சொன்னோம். நள்ளிரவில் சுடுகாட்டுப் புளியமரத்தடியில் நண்பர்களோடு படுத்துறங்கி, விடிந்ததும் எழுந்து வந்து, "எங்கே உங்கள் பேய்?" என்று ஊராரைக் கேட்டவர்கள் நாம். அத்தகைய நாம், ஒரு பழைய படத்தைக் கண்டு பதினோரு இரவுகள் உறக்கமின்றிக் கிடந்தோம் என்றால், தோழர்களே, நகைப்பீர்கள். நகையுங்கள். நகைத்து முடித்தபின் இதைக் கேளுங்கள்.

காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் தெரு ஒன்று உண்டு. முனீசுவரன் கோயில் தெரு என்பர். இடிக்கப்பட்ட பெருவீடுகளின் எச்சமெல்லாம் அங்கே விலைக்கு வரும். தேக்குக் கதவும் தூணும் வரும். பித்தளை அண்டாவும் பீங்கான் சாடியும் வரும். அவற்றோடு படங்களும் வரும். கண்ணாடிச் சட்டத்துக்குள் பாட்டனும் பாட்டியும் அமர்ந்தபடி, வாங்க வருவோரைப் பார்த்துக் கொண்டிருப்பர். சட்டத்துக்கு விலை உண்டு; பாட்டனுக்கு விலையில்லை!

நண்பர் ஒருவருக்கு எழுதுமேசை தேடி அங்கே போயிருந்தோம். மேசையின் இழுப்பறையைத் திறந்தபோது, கிழிந்த துணியில் சுற்றிய ஆறு படங்கள் இருந்தன. யாருடையவை என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று படத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆண்டு மட்டும், ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது. இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கினோம். ஏன் வாங்கினோம்? அன்று அதற்கு விடை தெரியாது.

முதற் படம், 1934. மணமக்கள். அவன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். கோட்டும் தலைப்பாகையும் அணிந்திருக்கிறான். அவள் நிற்கிறாள், வயது பதினைந்துக்கு மேல் இராது. பின்னே திரையில் தீட்டிய மாளிகை. பக்கத்தில் முக்காலி, அதன்மேல் பூச்சாடி. அவளுடைய இடக்கை நாற்காலியின் விளிம்பைப் பற்றியிருக்கிறது. நான்கு விரல்கள் மடங்கியிருக்க, சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் தனித்து நீண்டு நிற்கிறது. அந்த விரலை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாம் படம், 1937. இப்போது அவளும் அமர்ந்திருக்கிறாள். மடியில் ஆண் குழந்தை. அவள் முகத்தில் புன்னகை அரும்பி, வெளியே வரலாமா என்று உத்தரவு கேட்டு நிற்கிறது.

மூன்றாம் படம், 1941. அதே கணவன், அதே போன்ற நாற்காலி, கழுத்தில் மாலை. பார்த்தவுடன் விளங்கவில்லை. பிறகுதான் நெற்றியைச் சுற்றிக் கட்டிய துணி கண்ணில் பட்டது. பிணம்! இறந்தவரை அமரவைத்து, மாலை சூட்டி, சுற்றத்தார் சூழ நின்று படம் பிடித்துக்கொள்வது அந்நாளில் நம் நாட்டில் பல வீடுகளில் வழக்கம். உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர்க்கு அதுவே முதற் படமாகவும் கடைசிப் படமாகவும் அமைந்துவிடும். அவன் காலடியில் அவள் இருக்கிறாள். தலை நிறையப் பூ. கை நிறைய வளையல். நாளை இவை இரா என்பது அவளுக்கும் தெரியும். படம் எடுத்தவனுக்கும் தெரியும்.

நான்காம் படம், 1946. அதே வீட்டில் வேறு யாருக்கோ திருமணம். எண்ணிப் பார்த்தோம், இருபத்துமூன்று பேர். அவள் இல்லை. ஐந்தாம் படம், 1950. அந்தச் சிறுவன் வளர்ந்து, காற்சட்டை அணிந்து, கையில் புத்தகத்துடன் நிற்கிறான். அவள் இல்லை. இறந்துவிட்டாள் போலும் என்று எண்ணினோம். அந்த எண்ணந்தான் பின்னால் நம்மைப் படாத பாடு படுத்தியது.

ஆறாம் படம், 1958. மகன் மணமகனாகியிருக்கிறான், தந்தையின் அகன்ற நெற்றி அப்படியே. வீட்டுக் கூடத்தில் எடுத்த படம். மணமக்களைச் சுற்றிப் பெருங்கூட்டம். பின்னே ஒரு கதவு, பாதி திறந்திருக்கிறது. அந்தக் கதவோரத்தில் ஏதோ வெண்மை. புகையா, அழுக்கா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை உருவம். உடலை ஊடுருவிப் பின்சுவர் தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனிமூட்டம். ஆனால், கதவு நிலையைப் பற்றியிருந்த ஒரு கை மட்டும் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. இடக்கை. நான்கு விரல்கள் மடங்கியிருக்கின்றன. சுண்டுவிரல் தனித்து நிற்கிறது!

கண்ணாடி நம் கையிலிருந்து நழுவி மேசைமேல் விழுந்தது.

செத்துப்போன தாய் மகன் மணவிழாவைக் காண வந்து நிற்கிறாள்! இப்படி நமக்கு யார் சொன்னார்கள்? பூசாரி சொன்னானா, குடுகுடுப்பைக்காரன் சொன்னானா? ஒருவருமில்லை. நம் மூளையே நமக்குச் சொல்லிற்று. ஐம்பது ஆண்டுப் பகுத்தறிவுப் பேச்சின் அடியில், பாட்டி சொன்ன கதை பதுங்கிக் கிடந்திருக்கிறது. விளக்கு மங்கியதும் தலை நீட்டிவிட்டது.

பகலில் வேலைக்கிடையே அந்தக் கை நினைவுக்கு வரும். இரவில் எழுந்து போய்ப் படத்தை எடுத்துப் பார்ப்போம். நான்காம் இரவு, அந்த உருவம் சற்றே மினுங்கியது போலிருந்தது. ஏழாம் இரவு, படத்தைச் சாய்த்தபோது அது நகர்ந்தது! படத்தைக் கவிழ்த்து வைத்தோம். கவிழ்த்து வைத்த படம், திறந்து வைத்த படத்தைவிடக் கொடியது என்பதை அன்று கண்டோம். துணைவியார் பார்த்துப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டார்: "பேயில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, விளக்கை அணைக்க அஞ்சுகிறீர்களே, இது என்ன கூத்து?"

அந்தக் கேள்வி நம்மை நிமிர்த்தியது. அஞ்சுவது குற்றமன்று. அஞ்சியதை ஆராயாமல் விடுவதே குற்றம். ஆராயத் தொடங்கினோம்.

முதலில் மினுமினுப்பு. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாய்த் தெரிவது மையன்று. ஊன்பசையில் பொதிந்த நுண்ணிய வெள்ளித் துகள். ஈரமும் காற்றிலுள்ள மாசும் பட்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல, வெள்ளி கரைந்து மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்து, அங்கே மீண்டும் வெள்ளியாய்ப் படியும். கருமை மிகுந்த இடங்களில் நீலம் பாய்ந்த கண்ணாடி போல் அது மினுங்கும். படத்தைச் சாய்த்தால் ஒளி நகரும். ஒளி நகர்ந்தால் உருவம் நகர்வதாய்த் தோன்றும். ஏழாம் இரவின் பேய், வெள்ளித் துகளின் வேலை.

அடுத்தது நம் கண். முகம் இல்லாத இடத்திலும் முகம் தேடுவது மனித மூளையின் பழக்கம். 1976-இல் வைகிங் விண்கலம் செவ்வாய்க் கோளைப் படமெடுத்து அனுப்பியபோது, அதிலிருந்த ஒரு குன்று மனித முகம் போலத் தெரிந்தது. செவ்வாயில் யாரோ செதுக்கிய சிலை என்று எத்தனை பேர் எழுதிக் குவித்தனர்! 2001-இல் வேறொரு விண்கலம் தெளிவான படம் எடுத்தது. மூக்குமில்லை, முழியுமில்லை, வெறும் மேடு.

அதன்பின், பேயைப் படம் பிடித்ததாகச் சொன்னவர்களின் வரலாற்றைப் புரட்டினோம். 1860-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மம்லர் என்றொருவர் இருந்தார். நகைகளில் செதுக்கு வேலை செய்தவர். அவரிடம் படம் எடுத்துக்கொண்டால், இறந்துபோன உறவினர் பின்னே மங்கலாக வந்து நிற்பார் என்று கூட்டம் கூடிற்று. 1869-இல் நியூயார்க்கில் அவர்மீது மோசடி வழக்கு நடந்தது. போதிய சான்று இல்லையென்று விடுதலையானார். ஆபிரகாம் லிங்கனின் மனைவி, கைம்பெண்ணான பின், 1872 வாக்கில் அவரிடம் எடுத்துக்கொண்ட படத்தில், இறந்த கணவர் பின்னே நின்று அவர் தோளில் கை வைத்திருக்கிறார்! துப்பறியும் ஷெர்லாக் ஹோம்சைப் படைத்த கானன் டாயில், இத்தகைய படங்களுக்காக வாதாடி 1922-இல் ஒரு நூலே எழுதினார். அறிவாளிகளும் வழுக்கி விழுந்த இடம் இது என்றறிந்தபோது, நமக்குச் சற்று ஆறுதல்.

ஆனால், மம்லர் வரலாற்றில் ஒரு செய்தி நம்மைக் கூர்ந்து நோக்க வைத்தது. அவர் படங்களில் ஆவியாய் வந்த சிலரை ஊரார் அடையாளம் கண்டுகொண்டனராம். அவர்கள் இறந்தவர்களல்லர், பாஸ்டன் நகரில் உயிரோடு உலவிக்கொண்டிருந்தவர்கள்! பேய் என்று காட்டப்பட்டவர் உயிருள்ள மனிதர். அதைப் படித்துவிட்டு, ஆறாம் படத்தை மீண்டும் எடுத்தோம். இம்முறை இரவிலன்று, நடுப்பகலில்.

படத்தின் பின்புறம், கடை முத்திரை பாதி அழிந்திருந்தது. மிஞ்சிய எழுத்தைக் கொண்டு காவிரிக் கரையிலுள்ள அந்த ஊரைக் கண்டுபிடித்துப் போனோம். படக்கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். நடத்துகிறவர் அந்தப் படக்கலைஞரின் பேரன். "அப்பா வீட்டில்தான் இருக்கிறார், போய்ப் பாருங்கள்" என்றார். முதியவருக்கு எண்பதைக் கடந்த வயது. 1958-இல் தம் தந்தையாரிடம் தொழில் பழகிய இளைஞர். படத்தை வாங்கிச் சன்னலோரம் பிடித்தார். நாம் நம் அச்சத்தைச் சொல்லி முடிக்குமுன்பே சிரித்துவிட்டார்.

"தம்பி, இது பேயுமில்லை, பிசாசுமில்லை. அசைந்துவிட்டாள், அவ்வளவுதான்."

அவர் விளக்கினார். கூடத்தில் வெளிச்சம் குறைவு. மின்னொளிக் கருவி வாங்க அவர்களுக்கு வசதியில்லை. கருவியை முக்காலியில் நிறுத்தி, கண்ணாடித் தகட்டைச் செருகி, லென்சின் மூடியைக் கழற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி மூடுவார்கள். அந்த மூன்று எண்ணும் வரை அசையாதவர் படத்தில் விழுவர். அசைந்தவர் கரைந்துபோவர். 1838-இல் தாகேர் பாரிசு நகரத்துத் தெரு ஒன்றைப் படமெடுத்தபோது, தகடு ஒளியைப் பெறப் பல நிமிடம் பிடித்தது. வண்டியும் குதிரையும் மக்களுமாய் நிறைந்திருந்த அந்தத் தெரு, படத்தில் வெறுந்தெருவாய்க் கிடந்தது. காலணிக்கு மெருகேற்றிக்கொண்டு ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டுமே தெளிவாய் விழுந்தார். அதே கதைதான் இதுவும். கை கதவு நிலையைப் பற்றியிருந்தது. அது அசையவில்லை, விழுந்தது. முகம் எட்டிப் பார்த்தது, யாரோ பார்த்துவிடுவார்களென்று பின்வாங்கியது, கரைந்தது.

"அப்படியானால், அந்த அம்மாள் உயிரோடு இருந்திருக்கிறாரா, ஐயா?"

"இருந்ததால்தானே எட்டிப் பார்த்தாள்?"

"பெற்ற தாய் மகன் பக்கத்தில் நிற்கவில்லையே?"

முதியவர் உடனே விடை சொல்லவில்லை. படத்தை நம்மிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போனால், வீட்டுப் பெரியவர் ஒருவர் அப்பாவை ஓரமாய்க் கூப்பிட்டுக் காதில் சொல்வார். வெள்ளைச் சேலை எதுவும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளும் என்பார். தப்பித் தவறி விழுந்தால், தகட்டைச் சுரண்டி அழிப்பது என் வேலை. சின்னக் கத்தி ஒன்று வைத்திருந்தேன். எத்தனை பேரைச் சுரண்டியிருப்பேன் என்று கணக்கில்லை, தம்பி. இவள் எப்படித் தப்பினாள் என்றுதான் தெரியவில்லை."

அந்தக் குடும்பம் அவர் நினைவில் இல்லை. எத்தனையோ குடும்பங்களில் ஒன்று. அந்த அம்மையாரின் பெயர் நமக்குக் கிடைக்கவேயில்லை.

திரும்பும் வழியெல்லாம் மூன்றாம் படமும் ஆறாம் படமும் நம் கண்முன் மாறி மாறி வந்தன. 1941-இல் இறந்துவிட்ட கணவன், நடுநாயகமாய், நாற்காலியில், மாலையுடன், உயிருள்ளவன் போல் வீற்றிருக்கிறான். 1958-இல் உயிரோடிருக்கும் மனைவி, கதவிடுக்கில், உருவமின்றி, பேயைப் போல் நிற்கிறாள். பிணத்துக்கு நாற்காலி! பெற்றவளுக்குக் கதவிடுக்கு! இதைச் செய்தது எந்தப் பிசாசு? எந்த மந்திரவாதி? படித்தவரும் பண்புள்ளவரும், மகனிடம் அன்புள்ளவருமாகிய இருபது பேர் கூடி நின்று செய்தார்கள். கைம்பெண் மறுமணச் சட்டம் 1856-இலேயே வந்துவிட்டது. ஒரு நூற்றாண்டு கழிந்து, மறுமணம் வேண்டாம், மகனருகே நிற்க மூன்று எண்ணும் நேரம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

இத்துடன் முடிந்திருந்தால், பிறர் குற்றம் பேசிப் பெருமையோடு இருந்திருப்போம். முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும், துணைவியார் நம் திருமணப் படத்தொகுப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

1979-இல் நடந்தது நம் திருமணம். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-இல் தமிழகச் சட்டமன்றம் சட்டம் செய்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. புரோகிதர் இல்லை; புகை இல்லை; நல்ல நேரம் பார்க்கவில்லை. இராகு காலத்தில்தான் மாலை மாற்றிக்கொண்டோம். மூவர் சொற்பொழிவாற்றினர், அதில் ஒன்று பெண் விடுதலை பற்றியது. பக்கம் பக்கமாகப் புரட்டினோம். மாமன் இருக்கிறார், மைத்துனன் இருக்கிறான், பக்கத்து வீட்டுப் பிள்ளை இருக்கிறான். நம் அத்தை இல்லை.

தாயை இழந்த நம்மை வளர்த்தவர் அத்தை. இருபது வயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். திருமணத்தன்று அவர் எங்கே இருந்தார்? கொல்லைப்புறத்தில், கோட்டை அடுப்பருகே, காய் நறுக்கிக் கொண்டிருந்தார். படம் எடுக்க வேண்டாமென்று அவரை யாரும் தடுக்கவில்லை. வாருங்கள் என்று யாரும் அழைக்கவுமில்லை. நாமும் அழைக்கவில்லை. அழைத்தால் வரமாட்டார் என்று எண்ணினோமா? இல்லை, தோழர்களே. எண்ணவேயில்லை. மறந்தும் போகவில்லை; மறப்பதற்கு முதலில் நினைத்திருக்க வேண்டுமே! முதியவர் கத்தியால் சுரண்டினார். நாம் கத்தியின்றியே சுரண்டியிருக்கிறோம்.

அத்தை 2001-இல் மறைந்தார். அவருடைய படம் ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது: வாக்காளர் அடையாள அட்டையில் உள்ள, தபால்தலை அளவுப் படம். வாக்காளர்க்குப் படத்துடன் அட்டை வேண்டுமென்று தேர்தல் ஆணையம் 1993-இல் ஆணையிட்டதன் பயனாக எடுக்கப்பட்டது. அரசு அவரை நாற்காலியில் அமர்த்தி, நேரே பார்க்கச் சொல்லி, ஒரு முகம் ஒரு வாக்கு என்று கணக்கில் சேர்த்துக்கொண்டது. சீர்திருத்தம் பேசிய வீடு சேர்த்துக்கொள்ளவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்பீர்களா? 2022-இல் மராட்டிய மாநிலத்தின் ஹேர்வாட் என்ற சிற்றூர், கணவனை இழந்தவளின் வளையலை உடைப்பதும் பொட்டை அழிப்பதும் இனி நம் ஊரில் இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. நாடே வியந்தது. வியப்பு எதற்கு? மற்ற ஊர்களில் அது நடந்துகொண்டிருப்பதால்தானே! 2023 ஆகஸ்டில், ஈரோடு மாவட்டத்தில் கைம்பெண் ஒருவர் கோயிலுக்குள் நுழைவதைத் தடுத்த செய்தி சென்னை உயர்நீதிமன்றம்வரை வந்தது. தடுக்கக் கூடாதென்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கோயிலுக்குப் போவது நமக்கு வேண்டாத வேலை. ஆனால், போக விரும்புகிறவளை, கணவன் செத்த காரணம் காட்டித் தடுக்கும் கை, 1958-இல் காதில் ஓதிய அதே கைதான்.

இளைஞர்களே, உங்கள் வீட்டுப் படத்தொகுப்பை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டாம். யார் இல்லை என்று எண்ணுங்கள். பழைய படங்களை எடைக்குப் போடாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், தமிழகத்துப் பழைய படக்கடைகளின் படங்களைத் திரட்டிப் பாதுகாத்து வருகின்றனர். நாம் குப்பையென்று கருதுவதில் நம்மைப் பற்றிய சாட்சியம் இருக்கிறது.

அந்த ஆறாம் படத்தைச் சட்டமிட்டு நம் எழுதுமேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறோம். பக்கத்தில், அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய அத்தையின் படம். இப்போது உறக்கம் வருகிறது. அச்சம் இல்லை. வெட்கம் இருக்கிறது, அது இருக்கட்டும்.

சென்ற திங்கள் உறவினர் வீட்டில் ஒரு திருமணம். மணமகனின் தாயார், நமக்கு அண்ணி முறை. ஈராண்டுக்கு முன் கணவரை இழந்தவர். எல்லாரையும் மேடைக்கு அழைத்துப் படம் எடுத்துக் கொண்டிருந்தார்கள். அவர் பந்தக்கால் ஓரமாய் நின்றிருந்தார். அவருடைய கை அதைப் பற்றியிருந்தது. நாம் இறங்கிப் போய், "வாருங்கள் அண்ணி" என்றோம். "நான் எதற்கு? நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மணமகனே இறங்கி வந்தான். "நீ வராமல் படம் எதற்கம்மா?" என்று கையைப் பிடித்தான். நடுவில் நிறுத்தினோம். அவருக்குக் கால் நிலைகொள்ளவில்லை; முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார். படம் எடுத்த பெண், "அசைந்தாலும் பரவாயில்லை, அம்மா" என்றாள். இன்றைய கருவிக்கு ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு போதும். அசைந்தாலும் முகம் விழும்.

படம் நேற்று வந்தது. அண்ணியின் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது.